இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

"ஒரு இடக்கைக்காரனை ஜெயிலுக்கு அனுப்ப இத்தனை பேரு வரிசையில நிக்கறதைப் பாத்தா நானும் வலது கைக்கு மாறிடலாமான்னு தோணுது," என்றாள் நோலா.

அவளுடைய இடது கையில் காப்பிக் கோப்பை இருந்தது. வலது முழங்கையால் வண்டிக் கதவைச் சாத்தினாள்.

எமில் சோரமின் துப்பாக்கிக் கடை வாசலில் காற்று வீசிக்கொண்டிருந்தது. தெற்கு டகோடாவில் அக்டோபர் கடைசியில் காற்று வீசாத நாளைத்தான் பேச்சுக்கு எடுப்பார்கள். மற்ற நாட்களில் குனிந்து நடப்பார்கள். நாங்களும் குனிந்து நடந்தோம்.

போன சனிக்கிழமை ஃபெசன்ட் என்ற காட்டுச் சேவலின் வேட்டைப் பருவம் தொடங்கியது. கர்டிஸ் லுண்டின் மக்காச்சோளக் கொல்லையில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, வரிசையாக நடந்து பறவைகளைக் கிளப்பினார்கள். கர்டிஸ் மட்டும் கொல்லையின் மறு கோடியில், ஓடி வரும் பறவைகளை மறிப்பதற்காக நின்றான். வரிசை மறு கோடியைத் தொட்டபோது அவன் அங்கே இல்லை. குட்டைக் கரையில் கிடந்தான். கழுத்தில் சிதறு குண்டுகள். பக்கத்துச் சம்புப் புதருக்குள் புத்தம் புது பம்ப் துப்பாக்கி ஒன்று தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தது.

தவறிச் சுட்டவன் துப்பாக்கியை எறிய மாட்டான் என்றார் ஷெரிஃப். எறிந்தால் அது கொலை. இந்த ஊரில் அதை யாரும் மறுக்கவில்லை.

துப்பாக்கியை வாங்கியவன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டும் ஹார்லன் ஃபோஸ்; அவனும் வரிசையில் நடந்தவன். தன் மச்சான் ஜெரோமுக்குப் பரிசாக வாங்கியதாகவும், வேட்டைக்கு முந்தின நாளே கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். அப்படி ஒரு துப்பாக்கியைத் தான் கண்ணால் பார்த்ததே இல்லை என்றும், தன் பழைய துப்பாக்கியோடுதான் நடந்ததாகவும் சொன்னான் ஜெரோம். ஷெரிஃப் அதற்கும் விடை வைத்திருந்தார். புதியதை எறிந்துவிட்டு, கலவரத்தில் வண்டியிலிருந்து பழையதை எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான். குட்டையில் கிடைத்தது இடக்கைக்காரர்களுக்கு வாகான துப்பாக்கி. வரிசையில் இருந்த ஒரே இடக்கைக்காரன் ஜெரோம். கர்டிஸ் தன் வயல் தண்ணீரை ஜெரோமின் நிலத்தில் வடியவிட்டதைப் பற்றி இருவருக்கும் இரண்டு வருடச் சண்டை வேறு. காவலில் இருக்கும் அவன் மேல் திங்கட்கிழமை கொலைக் குற்றம் பதிவாகிவிடும்.

துப்பறிய எங்களை வேலைக்கு அமர்த்தியவள் மார்வா. ஜெரோமின் மனைவி, ஹார்லனின் தங்கை. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்துதான் எங்களிடம் வந்தாள். அழவில்லை. வீட்டுக் கூரையில் ஓட்டை இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு நூல். அந்தத் துப்பாக்கியை ஹார்லன் எப்படித் தேர்ந்தெடுத்தான்?

எமில் சூரியகாந்தி விதைகளைக் கொறித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தான்.

"வாங்க அதிகாரி. வேட்டை இலாகாவை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னமும் நீங்க வாசப்படி மிதிச்சா, நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிக்கத் தோணுது."

"ஏதாவது தோணினா சொல்லு. எழுதிக்கறோம்," என்றாள் நோலா.

"இவளை ஏன்யா கூட்டிட்டு வர்றீங்க?"

"இவருக்கு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் கோட்டா. மீதியை நான் பேசறேன்."

நான் கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றினேன். "ஹார்லன் வாங்கினப்ப நீதானே கடையில இருந்தே?"

"நான்தான். ஷெரிஃப் ஆளுங்க வந்தாங்க. யாருக்கு வித்தேன்னு கேட்டாங்க, போயிட்டாங்க."

"நான் வேற கேக்கறேன். எதையெல்லாம் பாத்தான், எதை வேண்டாம்னான்?"

எமில் கையைத் துடைத்துக்கொண்டான். பிறகு சுவரிலிருந்து மூன்று பம்ப் துப்பாக்கிகளை எடுத்து, விரித்திருந்த கம்பளத் துண்டின் மேல் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தான்.

"இதேமாதிரிதான் அன்னிக்கும் வச்சேன். பம்ப்தான் வேணும்னு சொல்லிட்டுத்தான் வந்தான். சரியான ஆளு. தானா தோட்டா ஏறிக்கற துப்பாக்கி தூசியில முரண்டு பிடிக்கும். இது பிடிக்காது. முன்கட்டையைப் பின்னால இழுத்தா காலித் தோட்டா வெளியே, முன்னால தள்ளினா புதுசு உள்ளே. கை ஓடற வரைக்கும் இதுவும் ஓடும்."

முதல் துப்பாக்கியைத் தொட்டான். "இது கனம், நீளக் குழல். வாத்துக்கு நல்லது. ஒரே இடத்துல உக்காந்து சுடலாம். சோளத்துல நாள் பூரா நடக்கறவன் இதைத் தூக்கினா, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு தோள் இன்னொண்ணை விடக் கீழே இறங்கிடும்."

"எங்க சபைப் பாதிரியார் அப்படித்தான் நடக்கறார்," என்றாள் நோலா. "பைபிள் தூக்கினதாலன்னு நினைச்சேன்."

"ரெண்டாவது இலேசு. ஊர்ல பாதிப் பேரு கையில இதுதான். ஹார்லனோட பழசும் இந்த ரகம்தான். காலித் தோட்டா வலது பக்கம் தெறிக்கும். சுடாமத் தடுக்கற பூட்டு விசைக்குப் பின்னால. வலது ஆள்காட்டி விரல் தானா போயி அமுக்கும். மூணாவது இது. காலித் தோட்டா அடியில விழும், காலுக்குக் கீழே. பூட்டு மேல, கட்டை விரலுக்கு. எந்தக் கைக்கும் ஒண்ணுதான். இடக்கைக்காரங்க இதைத்தான் எடுப்பாங்க. ரெண்டாவதை இடது தோளுக்கு ஏத்தினா, காலித் தோட்டா மூக்குக்கு முன்னால பறக்கும்."

"தெரியும். ஒண்ணு என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கிட்டே போச்சு. அன்னியிலேர்ந்து பறவைங்களுக்கும் எனக்கும் சமாதானம்," என்றாள் நோலா.

நான் மூன்றாவது துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். குளிர்ந்திருந்தது. "முதல் ரெண்டையும் ஏத்திப் பாத்தானா?"

"தொடக்கூட இல்ல. நேரா இதுக்கு வந்துட்டான். ஜெரோமுக்குன்னான். இடது தோளுக்கு ஏத்தினான். நான் சிரிச்சிட்டேன். அவனுக்கு வாங்கறதுக்கு நீ ஏன்டா இந்தப் பக்கம் ஏத்தறேன்னு கேட்டேன். அவன் தோளுக்கு எப்படி இருக்கும்னு பாக்கறேன்னான்."

"ஒரு தடவையா?"

"ஏத்திக்கிட்டே இருந்தான். நடுவுல ஒரு ஆளு தூண்டில் நரம்பு கேட்டு வந்தான், வித்துட்டுத் திரும்பறேன், அப்பவும் ஏத்தறான், இறக்கறான். பரிசு வாங்கறவன் இவ்வளவு கவனமா வாங்கி நான் பாத்ததில்ல."

"என் ரெண்டாவது புருஷனைக் கூட நான் இவ்வளவு நேரம் பாக்கல," என்றாள் நோலா. "பாத்திருக்கணும்."

நான் துப்பாக்கியை மெதுவாகத் தோளுக்கு ஏற்றினேன். கன்னம் கட்டையில் பதிந்தது. குழல் நுனியின் சின்ன மணி கண்ணுக்கு நேராக நின்றது. எனக்கு இந்தக் கணம் எப்போதும் பிடிக்கும். வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை. இறக்கினேன்.

"ஹார்லன் ஏத்தினப்ப முகம் எப்படி இருந்துச்சு?"

எமில் சிரித்தான். "அதை ஏன் கேக்கறீங்க. அவன் சுடறப்ப ஒரு கண்ணை இறுக்கி மூடுவான், எலுமிச்சங்காயைக் கடிச்சவன் மாதிரி முகமே கோணிக்கும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான். பறக்கறதைச் சுடணும்னா ரெண்டு கண்ணும் திறந்திருக்கணும்னு அவனுக்குச் சொல்லாத ஆளு இந்த ஊர்ல கிடையாது. அன்னிக்குப் பாத்தா ரெண்டும் அகலமா திறந்திருக்கு. கடைசியில கத்துக்கிட்டியேடான்னேன்."

"என்ன சொன்னான்?"

"அதை விடுன்னான். தோள்ல பதியற கட்டையை ஒரு அங்குலம் அறுத்துக் குடுன்னான்."

நான் நிமிர்ந்தேன். "அறுத்தியா?"

"அறுத்து ரப்பரும் வச்சுக் குடுத்தேன். தடி கோட்டு போட்டா கட்டை நீளமாத் தெரியும்னான். உண்மைதான், நிறைய பேரு அறுப்பாங்க."

நோலா காப்பிக் கோப்பையை வைத்தாள். "எமில், நீ ஜெரோமைப் பாத்திருக்கியா?"

"பாக்காம என்ன."

"அவன் கை நீளத்துக்குக் குனியாமலே ஷூ லேஸ் கட்டுவான். அவனுக்கு நீ ஒரு அங்குலம் ஒட்டிக் குடுத்திருக்கணும். அறுத்திருக்கியே."

எமிலின் தாடை அசைவதை நிறுத்தியது. வாயில் இருந்த விதையை அப்படியே விழுங்கிவிட்டான் என்று நினைக்கிறேன்.

வண்டியில் ஏறிய பிறகும் நான் சாவியைத் திருகவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒரு காய்ந்த புதர்ப் பந்து சாலையைக் கடந்து போயிற்று. யாரையோ பார்க்கப் போவது போல அவசரமாகப் போயிற்று.

"இனிமே இது ஜெரோம் துப்பாக்கி இல்ல," என்றாள் நோலா. "குட்டையான கையுள்ள இடக்கைக்காரருக்கு வாங்கினது. இந்த ஊர்ல அப்படி யாரு? முதல்ல நான். நான் சனிக்கிழமை பல் டாக்டர் கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அங்க மட்டும்தான் என் வாய் திறந்திருந்தும் சத்தம் வராது."

அவள் அடுத்ததைச் சொல்ல விரும்பவில்லை என்று தெரிந்தது.

"மார்வா நம்ம ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டப்ப பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"எந்தக் கை?"

"இடது."

"சாப்பாடு கொண்டுபோனவங்கள்ல அவளும் ஒருத்தி. கொல்லையில இருந்திருக்கா." நோலா சீட்டு வாரை இழுத்துப் பூட்டினாள். "அண்ணன் தங்கச்சியைக் காப்பாத்த மச்சானை மாட்டி விடுவானா? விடுவான். எங்கண்ணன் என்னைக் காப்பாத்த ஒரு கரண்டியைக்கூட நகர்த்த மாட்டான். ஆனா அது வேற குடும்பம்."

மார்வாவின் வீட்டுக்கு ஓட்டினேன். அறுத்த வயல்கள் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கிடந்தன. நமக்குக் கூலி கொடுப்பவளையே பிடித்துக் கொடுக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. கை மரத்துப்போனால் ஊசி குத்துவதும் தெரியாது. அதுபோல இருந்தது.

மார்வா சமையலறையில் கூகன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஆப்பிளும் கஸ்டர்டும் வைத்த பெரிய வட்ட கேக். சாவு விழுந்த வீட்டுக்குக் கொண்டுபோகச் செய்தது. கர்டிஸின் வீட்டுக்கு. கத்தி இடது கையில் இருந்தது.

"லுண்ட் வீட்ல வாங்கிப்பாங்களான்னு தெரியல," என்றாள். "செய்யாமலும் இருக்க முடியல. உக்காருங்க."

நாங்கள் உட்கார்ந்தோம். அவள் எங்கள் முன்னால் ஆளுக்கொரு துண்டு வைத்தாள். நான் முள்கரண்டியைத் தொடவில்லை.

"அந்தத் துப்பாக்கியோட கட்டையை ஹார்லன் அறுக்கச் சொல்லியிருக்கான். குட்டையான ஆளுக்குத் தக்க மாதிரி. இடது தோளுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள். அதை மேசையில் வைத்தாள்.

"என்னைக் கேக்கறீங்க."

"ஆமா."

"நான் வண்டிங்க பக்கத்துல இருந்தேன். பின்கதவை இறக்கி அதுலதான் சாப்பாட்டைப் பரத்தினோம். லுண்ட் வீட்டம்மா என் பக்கத்துல ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டிருந்தா. சத்தம் கேட்டப்ப, 'ஒண்ணு விழுந்துச்சு'ன்னு அவதான் சொன்னா." மார்வாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போய் அவளைக் கேளுங்க. அவ என்னைக் காப்பாத்த வேண்டிய அவசியம் இல்ல."

நோலா கூகனை ஒரு வாய் வைத்தாள். "நீ இல்லைன்னு ஆனது எனக்கு நிம்மதி. இவ்வளவு நல்லா கூகன் பண்றவளை உள்ள தள்ளினா ஊர் மன்னிக்காது."

மார்வா சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் சிலர் தாங்களாகவே பேசுவார்கள். சிலர் பேச மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஒரு விஷயம்," என்றாள் கடைசியில். "இது முக்கியமான்னு தெரியல. வரிசை கிளம்பறதுக்கு முன்னால காப்பி எடுத்துக்கிட்டுப் போனேன். ஹார்லனுக்கு எப்பவும் இடது கோடி. எங்கப்பா நின்ன இடம் அது. அவரு போனதுலேர்ந்து அவன்தான் அங்க. நேரா அங்க போனேன். வேற ஆளு நிக்கறாரு. ஹார்லன் வலது கோடியில நிக்கறான்."

இந்த ஊரில் தேவாலயத்து பெஞ்சில் இடம் மாறி உட்கார்ந்தாலும் மாறுவார்கள். வேட்டை வரிசையில் மாற மாட்டார்கள்.

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். முழங்கால் வலிக்குது, அந்தப் பக்கம் தரை சமம்னான்."

"சமமா?"

"எங்க சமம்? அந்தப் பக்கம்தான் குட்டை. மேடும் பள்ளமுமா கிடக்கும்." அவள் மேசையில் விழுந்திருந்த துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தாள். "அவனும் ஜெரோமும் பக்கத்துப் பக்கத்துலகூட நிக்கல. நடுவுல ரெண்டு பேரு."

வலது கோடியில் நிற்பவனுக்கு வலப்பக்கத்தில் யாரும் இல்லை. என் மனம் அந்த ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே போக அது விரும்பவில்லை. ஆனால் எமில் சொன்ன கோணாத முகமும், அகலத் திறந்த இரண்டு கண்களும் மெதுவாக வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

"ஹார்லன் இப்ப எங்க இருப்பான்?" என்றேன்.

மார்வா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் விடற நேரம். பஸ்ஸை வாசல்ல நிறுத்தியிருப்பான்."

நான் எழுந்தேன். தட்டில் கூகன் அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி சரளைச் சாலையில் குலுங்கியது. வழக்கத்தை விட வேகமாக ஓட்டினேன்.

"சொல்லித் தொலையேன்," என்றாள் நோலா.

"பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குக் கதவு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். இது என்ன கேள்வி, எல்லா பஸ்ஸுக்கும் டிரைவருக்கு வலது பக்கம்தான..."

அவள் நிறுத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் வரும்வரை அவள் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. நான் அவளோடு வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து அது முதல் தடவையாக இருக்கலாம்.

மஞ்சள் பஸ் வாசலில் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மணி இன்னும் அடிக்கவில்லை. கதவு மடங்கித் திறந்திருந்தது. ஹார்லன் ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்து முன் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன உருவம், கட்டையான கைகள். இருபத்தேழு வருடமாக அந்த இருக்கையில் அவனைத் தவிர வேறு யாரையும் இந்த ஊர் பார்த்ததில்லை.

நான் முதல் படியில் கால் வைத்தேன். எஞ்சின் சத்தத்தில் அது கேட்டிருக்காது. இரண்டாவது படியில் ஏறி, அவனுக்குக் கை நீளத் தூரத்தில், வலப்பக்கத்தில் நின்றேன். இரட்டை நாடி ஆள் நான், அதுவும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுக் கோட்டில். அவன் முகம் அசையவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை உயர்த்தி அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் மெதுவாக ஆட்டினேன். அவன் சின்னதாகக் கொட்டாவி விட்டான்.

நான் அங்கே நின்ற நேரம் அதிகம் இருக்காது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

"ஹார்லன்," என்றேன்.

அவன் துள்ளினான். பிறகு தலையை மட்டுமல்ல, தோளையும் உடம்பையும் சேர்த்து என் பக்கம் திருப்பினான். இடது கண் என்னைக் கண்டுபிடித்தது.

"ரோல்ஃப். நீ வந்ததே தெரியல."

"ஆமா. தெரியல."

கீழே நோலா கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

"எமில் கிட்டப் போயிருந்தேன்," என்றேன். "நீ ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுச் சுடக் கத்துக்கிட்டேன்னு சந்தோஷப்பட்டான்."

ஹார்லன் மறுபடியும் முன்னால் திரும்பிக்கொண்டான்.

"நீ கத்துக்கல. மூடறதுக்கு அவசியம் இல்லாமப் போச்சு. வலது கண்ணுல ஒண்ணும் தெரியல. அதனால துப்பாக்கி இடது தோளுக்கு மாறணும். உன் பழசு இடது தோள்ல நின்னு காலித் தோட்டாவை மிச்சமிருக்கற கண்ணுக்கு முன்னால எறியும். அதனால புதுசு. உன் கைக்கு அளவா அறுத்த கட்டை. யாருக்குன்னு எமில் கேட்டுடுவான், அதனால ஜெரோம் பேரு."

அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"ஆகஸ்டுல," என்றான். "காலையில எந்திரிச்சேன், பாதித் திரை விழுந்த மாதிரி இருந்துச்சு. ஒரு வாரத்துல முழுசா விழுந்துடுச்சு. வலியெல்லாம் இல்ல."

"டாக்டர்?"

"போனா லைசென்ஸ் போயிடும். ஜனவரியிலதான் கண் பரிசோதனை. அது வரைக்கும் ஓட்டலாம்னு நினைச்சேன்." வலது பக்கம் இருந்த காலிப் படிகளை நோக்கிக் கையைக் காட்டினான். "பிள்ளைங்க ஏறறப்ப குரலை வச்சே பேரு சொல்லிடுவேன். ஒருத்தருக்கும் தெரியல."

"நீ வலது கோடியை ஏன் கேட்டேன்னு எனக்குத் தெரியும்."

"அந்தப் பக்கம் ஆளே இருக்கக் கூடாது, ரோல்ஃப். அதுக்குத்தானே கேட்டு வாங்கினேன். எல்லாத்தையும் யோசிச்சேன். துப்பாக்கியை யோசிச்சேன், இடத்தை யோசிச்சேன்." அவன் குரல் பஸ் வழித்தடத்தைச் சொல்வது போல இருந்தது. "சேவல் என் காலடியிலேர்ந்து எழும்புச்சு. குட்டைப் பக்கம் தாழ்வாத் திரும்புச்சு. நானும் திரும்பினேன். கர்டிஸ் அவன் கோடியில நிக்காம கரையோரமா நடந்து வந்திருக்கான். ஆரஞ்சுத் தொப்பி போட்டிருந்தான். யாரு கண்ணுக்கும் தப்பக் கூடாதுன்னு போடற தொப்பி அது."

பள்ளிக்குள்ளே எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

"தவறிப் போச்சுன்னு அப்பவே சொல்லியிருந்தா இது கொலையே ஆகியிருக்காது," என்றேன்.

"எப்படித் தவறுச்சுன்னு கேப்பாங்க. கண்ணைப் பாப்பாங்க." அவன் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தான். "கர்டிஸ் அங்க கிடக்கறான். நான் பஸ்ஸை நினைச்சேன். எனக்கு அப்ப மனசுல அதுதான் வந்துச்சு. துப்பாக்கியை எறிஞ்சிட்டு, வண்டியிலேர்ந்து பழசை எடுத்துக்கிட்டேன். ஒருத்தரும் பாக்கல. வண்டிங்க கிட்ட இருந்தவங்களும் ஓடிட்டாங்க, எல்லாரும் அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"ஜெரோம்?"

"ஷெரிஃப் துப்பாக்கி யாருதுன்னு கேட்டாரு. எமில் கிட்ட ஏற்கெனவே சொன்னதுதான் வாயில வந்துச்சு. ஒரு பொய்யை ரெண்டு இடத்துல சொன்னேன். விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு நாளும் இன்னிக்கு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

நான் அவனிடம் கோபப்பட முயன்றேன். வரவில்லை. இரக்கமும் வரவில்லை. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த கவனத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றியது. வேட்டைக்குப் போகாமல் வீட்டில் இருந்திருக்கலாம் என்பது ஒன்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்குமே தோன்றியிருக்காது.

மணி அடித்தது.

"இந்த ஒரு நடையை மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன்," என்றான் ஹார்லன். "பெரிய பண்ணை வரைக்கும்தான். அங்கதான் கடைசிப் பிள்ளை இறங்குது."

"இல்ல, ஹார்லன்."

அவன் தலையை ஆட்டினான். வாதாடவில்லை. என்னைக் கடந்து படி இறங்கும்போது கைப்பிடியை முதல் தடவை தவறவிட்டு, இரண்டாவது தடவை பிடித்தான்.

பிள்ளைகள் பைகளோடு ஓடி வந்தார்கள். நோலா இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். "நில்லுங்க. பஸ்ஸுக்கு ஜலதோஷம். எல்லாரும் உள்ளே போங்க, அம்மா அப்பா வந்து கூட்டிட்டுப் போவாங்க. தள்ளாதீங்க, தள்ளினா எனக்கும் தொத்திக்கும்."

ஒரு சிறுமி ஹார்லனுக்குக் கையசைத்தாள். அவள் அவனுடைய வலது பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் நேராக நடந்து போனான்.

ஷெரிஃப் வந்து எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஹார்லன் இரண்டு முறையும் ஒரே மாதிரி சொன்னான். பிறகு அவனைக் காரின் பின்னிருக்கையில் உட்கார வைத்துவிட்டு, பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசப் போனார். காரின் கண்ணாடிகள் இறக்கப்பட்டிருந்தன.

நான் கொஞ்சம் தள்ளி நின்று மார்வாவுக்குப் போன் செய்தேன். மணி அடிக்கத் தொடங்கியதுமே எடுத்துவிட்டாள்.

"மார்வா, ஜெரோம் இல்ல."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அப்ப ஹார்லன்," என்றாள். அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

"தெரியாம நடந்தது. அவனுக்கு வலது கண்ணுல பார்வை போயிடுச்சு. ஆகஸ்டுலேர்ந்து. யார் கிட்டயும் சொல்லல."

நோலா பள்ளிப் படியில் உட்கார்ந்து, சிகரெட்டைப் பற்ற வைக்காமல் விரலில் வைத்திருந்தாள்.

"போன மாசம் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தான்," என்றாள் மார்வா. "குழம்புக் கிண்ணத்தைத் தட்டி விட்டுட்டான். மேசை விரிப்பெல்லாம் பாழாச்சு. கண்ணு எங்கடா போச்சுன்னு திட்டினேன்."

"ஜெரோமை ராத்திரிக்குள்ள விட்டுடுவாங்க."

"சரி." பிறகு, "அவன் பக்கத்துல இருக்கானா?"

"ஷெரிஃப் கார்ல உக்காந்திருக்கான்."

"போனை அவன் கிட்டக் குடுங்க."

நான் காரை நோக்கி நடந்தேன். நான் வந்து சேர்ந்த பக்கம் வலது பக்கம். திறந்த ஜன்னலில் போனை நீட்டினேன். ஹார்லன் முன்னிருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் கையை இழுத்துக்கொண்டு, காரைச் சுற்றி மறு பக்கம் போய் நீட்டினேன்.

அவன் அதைப் பார்த்தான். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டான்.